முறைக்காத கண்கள்

கடலூர் செம்மண்டலத்தில் லூர்துசாமி நடத்திவந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் காலை ஆறரைக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வருகிறவர்கள், காய்ச்சல் இறங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். உள்ளே நுழைந்ததும் பாதிப்பேர் கேட்பது, சந்திரா வந்தாச்சா என்றுதான். சந்திரலேகாவின் கைக்கு நரம்பு தப்பாது. கொழுத்த கை, வற்றிய கை, மூன்று மாதக் குழந்தையின் கை, எதுவானாலும் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள், ஊசி இறங்கிவிடும். பத்து வருடமாக அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

2005இல் அவளுக்கு முப்பத்தைந்து வயது. புவனகிரிப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். லேப் டெக்னீஷியன் படிப்பைச் சிதம்பரத்தில் முடித்தாள். இரண்டு வரன்கள் வந்து தட்டிப்போயின. பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார், அவரைப் பார்த்துக்கொண்டதில் நான்கு வருடம் போயிற்று. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளுடைய கல்யாணப் பேச்சை எடுக்க ஆளில்லை. அவளும் எடுக்கவில்லை. ஒரே அக்கா பட்டம்மாள், சிதம்பரத்தில் குடும்பத்தோடு இருந்தாள். சந்திரலேகா செம்மண்டலத்திலேயே ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் அவளுக்கு இரண்டு கண்ணும் சிவந்தன. இமை வீங்கியது, மண் விழுந்ததுபோல் உறுத்தியது. பார்த்தவர்கள் எல்லோரும் மெட்ராஸ் ஐ என்றார்கள். லூர்துசாமி ஒரு வாரம் லீவு கொடுத்து, ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கித் தந்தார். கீழ்வீட்டுக்காரம்மா, சரியாகும்வரை பொதுக்குழாயில் கை வைக்க வேண்டாம், குடத்தில் தண்ணீர் பிடித்துப் படியில் வைக்கிறேன் என்றாள். வாரம் முடிந்தது. சிவப்பு போகவில்லை. மருந்துக்கடையில் ஒரு சொட்டுமருந்து, பக்கத்து டாக்டரிடம் இன்னொன்று என்று ஆறு மாதம் ஓடியது.

இதற்கிடையில் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. நன்றாகத்தான் சாப்பிட்டாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒருநாள் காலை, வயதான ஒருவருக்கு ஊசி போடும்போது கை நடுங்கி நரம்பு தப்பியது. மறுபடி குத்த வேண்டியதாயிற்று. அவர் கையை மடக்காமல் நீட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்ததைவிட அதுதான் அவளுக்குப் பெரிய அடியாக இருந்தது.

சிதம்பரம் மேல வீதிக்குப் பக்கத்தில் லலிதாம்பிகை என்று ஒரு கண் டாக்டர் இருப்பதாக அக்கா சொன்னாள். சந்திரலேகா போனாள். டாக்டர் கண்ணைப் பார்த்து முடித்ததும், இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. பிறகு எழுந்துவந்து அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் தன் இடது கையில் தானே ரத்தம் எடுத்துக்கொண்டாள். அந்த டெஸ்ட்டை அப்போது சென்னைக்கு அனுப்பித்தான் செய்தார்கள். நான்காம் நாள் வந்த கவரை அவளே பிரித்தாள். ரிப்போர்ட்டில் இருந்த எண்களைப் பார்த்ததும், தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கிறது என்று புரிந்துவிட்டது. ஆனால் கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை.

டாக்டர் லலிதாம்பிகை ஒரு தாளில் கண்குழியை வரைந்து காட்டினார்.

“கிருமி வந்தா சண்டை போடறதுக்கு நம்ம உடம்புலயே ஒரு படை இருக்கோல்லியோ. அது இப்ப உங்க தைராய்டையே எதிரின்னு நெனச்சுண்டிருக்கு. கண்ணுக்குப் பின்னால இருக்கற தசையும் கொழுப்பும் அதுக்கு அப்படியேதான் தெரியறது. அங்கயும் போய் வீங்க வைக்கறது. குழி எலும்பு, அது விரியாது. உள்ள வீங்கினா கண்ணு முன்னாலதான் வந்தாகணும்.”

சந்திரலேகா படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நான் என்னா செஞ்சேன் டாக்டர்?” என்று கேட்டாள்.

“நீங்க ஒண்ணும் செய்யலம்மா. இது யாரும் எதுவும் செஞ்சு வர்றதில்ல.”

மாத்திரையில் நெஞ்சு படபடப்பு மூன்று மாதத்தில் அடங்கியது. கை நடுக்கம் நின்றது, எடை திரும்பியது. கண் மட்டும் வேறு கணக்கில் போயிற்று. அப்படி ஆவதுண்டு, ஒன்றிரண்டு வருடத்தில் தானாகத் தணியும், அதுவரை பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர். கண்கள் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தன. மேலிமை ஏறிப்போய், கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. அப்படி ஒரு முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு, இந்த ஆள் கோபமாக இருக்கிறாள், அல்லது எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்றுதான் தோன்றும். அவளிடம் இரண்டும் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தாள். வாய் சிரித்தது, கண் அதட்டியது. சிரிக்காமல் இருப்பதே மேல் என்று விட்டுவிட்டாள்.

சிதம்பரம் போகிற பஸ்ஸில் எதிர் சீட்டில் இருந்த ஒரு பெண், எதற்கு இப்படி முறைத்துப் பார்க்கிறாய் என்று சண்டைக்கே வந்தாள். சந்திரலேகா, இது வியாதி என்று விளக்கிச் சொன்னாள். அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டு, ஆலப்பாக்கம் தாண்டியதும் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

லேபில் குழந்தைகள் அவளைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தன. ஊசிக்கு அழுகிற அழுகை அவளுக்குத் தெரியும். இது ஊசி எடுப்பதற்கு முன்னாலேயே வந்தது. ஒரு தாய், அந்தம்மா வேண்டாம் சார், புள்ள பயப்படுது என்று லூர்துசாமியிடம் நேராகவே சொன்னாள். லூர்துசாமி நல்ல மனுஷர். பத்து நாள் கழித்து, உள்ளே மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு பார்க்கிற வேலை தேங்கிக் கிடக்கிறது, அதைப் பார்க்க அனுபவம் உள்ள ஆள் வேண்டும், முன்னால் ஒரு புதுப் பெண்ணைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். காரணத்தை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேர் கையைத் தொட்டுக்கொண்டிருந்தவள் அவள். பின்னறைக்குப் போன பிறகு ரத்தம் தடவிய கண்ணாடிச் சில்லுகளை மட்டும் தொட்டாள். முன்னறையில் பேசுவது காதில் விழும். யாராவது, சந்திரா இல்லையா என்று கேட்பார்கள். உள்ளே வேலையாக இருக்காங்க என்று புதுப் பெண் சொல்லுவாள். சில மாதத்தில் கேட்பதும் நின்றுபோயிற்று. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து, கடைத்தெரு வழியாகப் போகாமல் சந்து வழியாக அறைக்குப் போய்விடுவாள். மறுநாள் காலைவரை அவள் குரல் அவளுக்கே கேட்காது.

2007 பொங்கலுக்குப் பிறகு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. வீங்கிய தசைகள் இரண்டு கண்ணையும் சேர்ந்து திரும்ப விடவில்லை. ஒரே சாலையில் இரண்டு பஸ் வந்தன. மாடிப்படியில் எந்தப் படி நிஜம் என்று காலால் தடவி ஏறினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடும். லேபில் இருந்த மைக்ராஸ்கோப் இரண்டு கண்ணாலும் பார்க்கிற வகை. அதில் குனிந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எல்லாம் குழம்பியது. அலமாரியின் அடித்தட்டில், ஒற்றைக் குழாய் உள்ள பழைய மைக்ராஸ்கோப் ஒன்று துணி சுற்றிக் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, லென்ஸுக்கு ஆல்கஹால் போட்டு, தன் மேஜையில் வைத்துக்கொண்டாள். அதற்கு ஒரு கண் போதும். வலது கண்ணை வைத்து அதில் குனியும்போது மட்டும் உலகம் ஒன்றாக இருந்தது. சாப்பாட்டு வேளையிலும் அவள் அதை விட்டு எழாமல் இருப்பதைப் பார்த்து, வேலையில் அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டார் லூர்துசாமி.

வைகாசி மாதம் பட்டம்மாள் கடலூருக்கு வந்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையோடு, தூக்கில் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். மேலே ஏறி வந்தவள் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு சரியாக எரிகிறதா, தண்ணீர் வருகிறதா என்று விசாரித்தாள். கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள்.

“மாப்ள வூட்டுக்காரங்க கொஞ்சம் ஒரு மாதிரி, சந்திரா. பொண்ணுக்கு ஒடம்புல எதாவது இருக்கான்னு மூணு தரம் கேட்டுட்டாங்க. நீ முன்னால வந்து நின்னா, இது குடும்பத்துல வர்ற வியாதியான்னு கேப்பாங்க. நான் என்னான்னு சொல்றது?”

சந்திரலேகாவால் அது பொய் என்று சொல்ல முடியவில்லை. தைராய்டுக் கோளாறு சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்பது எத்தனையோ ரிப்போர்ட் பார்த்த அவளுக்குத் தெரியும். அக்கா மகளை அவள்தான் தூக்கி வளர்த்தாள். பல் முளைத்தபோது அந்தக் குழந்தை கடித்தது அவள் விரலைத்தான்.

“நான் வரலக்கா. நீ அத நெனச்சி கவலப்படாத.”

“வரவேண்டாம்னு சொல்லல. ரிசப்ஷனுக்கு வேணா, ஜனங்க கலைஞ்சப்பறம்...” என்று ஆரம்பித்த பட்டம்மாள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சந்திரலேகா குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றி, தூக்கைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். பஸ் நிறுத்தம்வரை கூடப் போய் ஏற்றிவிட்டும் வந்தாள்.

முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அன்றைக்கு அவள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். மதியம் வரை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அந்த நவம்பரில் மழை விடாமல் பெய்தது. பின்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்ததால், அன்று முதல்முறையாக இடது கண்ணை வைத்துக் குனிந்தாள். சளித் தொல்லைக்கும் பூச்சித் தொல்லைக்கும் ரத்தத்தில் கூடுகிற ஒரு வெள்ளையணு உண்டு, ஈசினோபில் என்று பெயர். சாயம் ஏற்றினால் அதன் உள்ளே பொடிப்பொடியாக ஆரஞ்சுச் சிவப்பில் மின்னும். அன்று அது பழைய செங்கல் தூள்போல் மங்கிக் கிடந்தது. சாயம் கெட்டுவிட்டது என்று புதுப் புட்டியை உடைத்து, வேறு ஸ்லைடு போட்டாள். அதுவும் அப்படித்தான் இருந்தது. வலது கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நல்ல சிவப்பு. மறுபடி இடது கண். செங்கல் தூள்.

மேஜையில் இருந்த ரத்தக் குழாயின் சிவப்பு மூடியைக் கையில் எடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பார்த்தாள். கெட்டது சாயமில்லை, தன் கண்தான் என்று தெரிந்தது. எழுத்து இன்னும் தெளிவாகத்தான் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் கைகளைக் கழுவிக்கொண்டு, லூர்துசாமியிடம் சொல்லிவிட்டு, அப்படியே மழையில் பஸ் ஏறினாள்.

டாக்டர் லலிதாம்பிகை வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார். இடது கண்ணால் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. உள்ளே வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரிக்கின்றன, நிறம்தான் முதலில் போகும், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார். அன்றைக்கே அண்ணாமலை நகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்.

மூன்று நாள், தினமும் நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கூட யாரு என்று நர்ஸ் கேட்டாள். வராங்க என்றாள் சந்திரலேகா. அடுத்த ஷிப்டில் வந்தவளும் அதையே கேட்டாள். யாரும் இல்ல சிஸ்டர் என்றாள். ஆஸ்பத்திரி ஃபாரத்தில் லூர்துசாமியின் போன் நம்பரை எழுதினாள். ஊசி குத்த வந்த பயிற்சி நர்ஸ் நரம்பு கிடைக்காமல் தடுமாறியபோது, இதுல போடுங்க, இது நழுவாது என்று தன் கையில் தானே இடம் காட்டினாள். பாத்ரூம் போக வேண்டியிருந்தால் மருந்து பாட்டிலை மறுகையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு மூன்று வேளையும் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்தக் கட்டிலிலிருந்து பட்டம்மாளின் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம்.

லூர்துசாமி மூலமாக விஷயம் தெரிந்து, பட்டம்மாள் பத்து நாள் கழித்துக் கடலூருக்கு வந்தாள். அன்றைக்குத்தான் அவள் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“பக்கத்துலயே படுத்துகிட்டு எனக்கு ஒரு போன் பண்ணலியே நீ.”

“ஒன்னத் தண்டிக்கணும்னு இல்லக்கா,” என்றாள் சந்திரலேகா. “தோணல. அவ்ளோதான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பட்டம்மாளுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். அவள் கோபமாகச் சொல்லவில்லை. பட்டம்மாள் அன்று சாப்பிடாமலே திரும்பிப் போனாள்.

மருந்தில் பாதிதான் குணம் தெரிந்தது. 2008 ஜனவரியில் சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். கண்குழியின் எலும்புச் சுவரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, வீங்கிய சதைக்கு இடம் விடுகிற ஆபரேஷன். இதற்கு நான் வருகிறேன் என்று பட்டம்மாள் சொல்லி அனுப்பினாள். சந்திரலேகா சரி என்றாள். எட்டு நாள் அக்கா கூட இருந்தாள். மணிக்கொரு தரம் சொட்டுமருந்து விட்டாள், முதுகைத் துடைத்துவிட்டாள். கல்யாணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேச வேறு விஷயமும் அதிகம் இருக்கவில்லை. எட்டாம் நாள் கடலூரில் இறக்கிவிட்டுப் போன பட்டம்மாள், பிறகு தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினாள். அவ்வளவுதான்.

பார்வை தப்பித்தது. சிவப்பு மறுபடி சிவப்பாயிற்று. கண்கள் கொஞ்சம் உள்ளே போயின. ஆனால் டாக்டர்கள் எச்சரித்தபடியே இரட்டைப் பார்வை முன்னைவிட மோசமாயிற்று. அதற்காக அடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு தரம் கண் தசையை இடம் மாற்றித் தைத்தார்கள். இரண்டு தரமும் அவள் ஒற்றை ஆளாகவே சென்னைக்குப் போய்த் திரும்பினாள். கடைசியில் நேராகப் பார்த்தால் ஒன்றாகத் தெரிகிற நிலைக்கு வந்தது. ஓரமாகப் பார்த்தால் இரண்டுதான். எதையும் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி காலையில் ‘தானே’ என்று பெயரிட்ட புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. ரோடெல்லாம் மரம் விழுந்து, முன்னறைப் பெண் மூன்று வாரம் ஊரிலிருந்து வர முடியவில்லை. லேபில் கரண்ட் இல்லை. லூர்துசாமி ஜெனரேட்டருக்கு அலைந்துகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சந்திரலேகா முன்னால் வந்து நின்றாள். கூரை போனவர்கள், ஓடு விழுந்து மண்டை உடைந்தவர்கள், காய்ச்சல்காரர்கள் வந்தார்கள். கையை நீட்டினார்கள், தங்கள் வீடு போன கதையைச் சொன்னார்கள். அவள் முகத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேரும் வேறெதையோ நினைத்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த மூன்று வாரம் அவள் ஊரோடு ஊராக இருந்தாள். முன்னறைப் பெண் திரும்பி வந்ததும், தானே எழுந்து பின்னறைக்குப் போனாள். இருக்கச் சொல்லலாமா என்று லூர்துசாமி யோசித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

மிச்சம் இருந்தது இமை. ஏறிப்போன மேலிமைகளை 2012 ஜூனில் இறக்கித் தைத்தார்கள். அது சின்ன ஆபரேஷன். ஆகஸ்டில் டாக்டர் லலிதாம்பிகையிடம் காட்டப் போனபோது, அவர் திருப்தியாகப் பார்த்துவிட்டு, ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும் என்றார். முழித்திருக்கும்போது மூடச் சொன்னால் நன்றாக மூடுகிறது. தூக்கத்தில் மூடுகிறதா? மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும்.

“ஆத்துல யாரையாவது, நீங்க தூங்கறப்ப பாக்கச் சொல்லுங்கோ,” என்றார்.

சந்திரலேகா சரி என்று தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது யார் யாரைக் கேட்கலாம் என்று யோசித்தாள். கீழ்வீட்டுக்காரம்மாவிடம் இப்படி ஒன்றைக் கேட்க வாய் வராது. லேபில் கேட்கிற விஷயம் இல்லை. புதிதாக வாங்கிய செல்போனில் வீடியோ எடுக்கலாம் என்று தோன்றியது. ஒரு மதியம் அதை டம்ளர்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தாள். போன் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பிலேயே தூக்கம் வரவில்லை. இன்னொரு நாள் தூங்கினாள், ஆனால் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிச் சிதம்பரத்துக்குப் போனாள். சொல்லாமல் வந்து நின்றவளைப் பார்த்துப் பட்டம்மாள் பதறினாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, சாப்பிட்ட பிறகு, டாக்டர் கேட்டதைச் சொன்னாள்.

“கொஞ்ச நேரம் இங்க படுக்கறேன்கா. கண்ணு மூடுதான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

பட்டம்மாள் உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டாள். கரண்ட் இல்லாத நேரம். வீட்டில் வேறு யாருமில்லை. சந்திரலேகா சுவரைப் பார்க்காமல் அக்காவின் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூக்கம் வராது என்றுதான் நினைத்தாள். எப்போது தூங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது.

விழித்தபோது நான்கு மணி தாண்டியிருந்தது. படுக்கும்போது இருந்த இடத்திலேயே பட்டம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பழைய காலண்டர் அட்டை. அதைக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் விசிறியிருக்க வேண்டும், தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

“மூடுது. ரெண்டும் முழுசா மூடுது,” என்றாள். அட்டையைக் கீழே வைத்துவிட்டு, “சின்னப்புள்ளையில தூங்கறாப்பலயே தூங்கற,” என்றாள்.

சந்திரலேகா எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். ராத்திரி இருந்துவிட்டுப் போகலாமே என்று அக்கா கேட்டாள். காலையில் ஆறரைக்கு லேப் திறக்க வேண்டும் என்று சொல்லி, டீ குடித்துவிட்டு, ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து, தூக்கத்தில் கண் மூடுகிறது என்றாள். ரொம்ப நல்லது, இனிமேல் வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார் டாக்டர். யார் பார்த்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அக்கா பார்த்தாங்க என்று சொல்லலாம் என்றுதான் அவள் காத்திருந்தாள். டாக்டர் போனை வைத்துவிட்டார். சந்திரலேகா பின்னறைக்குப் போய் அன்றைய ஸ்லைடுகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள்.